8.3 சென்ட் பிளான் 16 சென்ட் ஆவது எப்படி? டெக்சஸின் பவர் டு சூஸ் தளம் பற்றி

தமிழ்நாட்டில் கரண்ட் பில் கட்டிப் பழகியவர்களுக்கு ஒரு எண் மனப்பாடம்: இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் வேறு ஸ்லாப் வந்துவிடும். ரீடிங் எடுக்க ஆள் வருகிற வாரத்தில் ஏசியைத் தொடாத வீடுகள் உண்டு. அதே குடும்பம் டல்லாஸ் பக்கம் ப்ளேனோவிலோ, ஹூஸ்டன் பக்கம் சுகர்லேண்டிலோ குடியேறி, பட்டியலில் முதலில் தெரிகிற பிளானை எடுத்தால் பயம் அப்படியே தலைகீழாகிறது. மாதம் 1000 யூனிட் ஓடினால் பில் 83 டாலர். 999 யூனிட் ஓடினால் 208 டாலர். அச்சுப்பிழை இல்லை. இப்படிப்பட்ட பிளான்கள் எழுதப்பட்டிருப்பதே அப்படித்தான்.

அந்தப் பட்டியலைத் தருவது பவர் டு சூஸ். டெக்சஸ் மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணையம், சுருக்கமாக பியூசி, இலவசமாக நடத்துகிற ஒப்பீட்டுத் தளம். 1999-ல் நிறைவேறிய செனட் பில் 7 என்கிற சட்டம் மின் விற்பனையைப் போட்டிக்குத் திறந்துவிட்டது. 2002 ஜனவரி 1 முதல் வீட்டுக்காரர்கள் தங்கள் மின் கம்பெனியைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஜிப் கோடைத் தட்டினால் அந்த ஏரியாவில் விற்கிற பிளான்கள் வந்து குவியும். பிளான்களும் அவற்றின் காகிதங்களும் ஒரே இடத்தில் கிடைக்கிற கிடங்கு என்ற அளவில் அருமையான சேவை. அது போட்டுத் தருகிற வரிசையை மட்டும் நம்பக் கூடாது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த வரிசையைக் கலைத்துப் போட்டுப் பார்ப்பது எப்படி என்பதுதான்.

யாருக்கு இது பயன்படாது என்பதை முதலில் சொல்லிவிடலாம். ஆஸ்டின் நகரத்துக்கு ஆஸ்டின் எனர்ஜி, சான் ஆண்டோனியோவுக்கு சிபிஎஸ் எனர்ஜி. அங்கே தேர்வு கிடையாது. எல் பாசோ, மாநிலத்தின் எர்காட் என்கிற மின் கிரிட்டுக்கே வெளியே. கூட்டுறவு மின்சங்கங்களின் ஏரியாவிலும் பெரும்பாலும் இதே கதை. ஃப்ரிஸ்கோவில் வீடு பார்க்கிறவர்கள் இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது: ஊரின் ஒரு பகுதி கோசர்வ் கூட்டுறவு, இன்னொரு பகுதி போட்டி நடக்கிற ஆன்கோர் ஏரியா. கோசர்வ் பக்கம் வீடு அமைந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. லபக் நகரம் 2024-ல்தான் போட்டிக்குள் வந்தது.

கம்பியும் மீட்டரும் யாருடையவை?

இரண்டு கம்பெனிகள் சேர்ந்த பில் இது. விற்கிற கம்பெனி ஒன்று. கம்பி, கம்பம், மீட்டர் வைத்திருக்கிற டிடியூ என்கிற விநியோக கம்பெனி இன்னொன்று. டல்லாஸ் வட்டாரத்தில் ஆன்கோர், ஹூஸ்டனில் சென்டர்பாயின்ட், மற்ற இடங்களில் ஏஇபி டெக்சஸ், டிஎன்எம்பி. நீங்கள் எந்த விற்பனை கம்பெனியை எடுத்தாலும் கம்பி மாறாது, மீட்டர் மாறாது, கரண்ட் போனால் வந்து பார்க்கிற ஆளும் மாறமாட்டார். "பெரிய கம்பெனி, கரண்ட் கட் ஆகாது" என்று யூனிட்டுக்கு இரண்டு சென்ட் கூடுதலாகக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த இரண்டு சென்ட்டுக்கு கஸ்டமர் கேரில் சீக்கிரம் ஆள் கிடைக்கலாம், அவ்வளவுதான்.

டிடியூ கட்டணம் மாதம் ஒரு சில டாலர் நிலையாகவும், யூனிட்டுக்கு இத்தனை சென்ட் என்றும் வரும். பெரும்பாலும் மார்ச், செப்டம்பர் மாதங்களில் அது மாறும். "ஃபிக்ஸ்டு" பிளானிலும் இது மாறலாம், அதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஃபிக்ஸ்டு என்பது விற்பனை கம்பெனி யூனிட்டுக்கு வாங்குகிற எனர்ஜி சார்ஜையும், மாதத்துக்கு ஒரே அளவாக வாங்குகிற பேஸ் சார்ஜையும் மட்டும் கட்டுப்படுத்துகிற சொல். பிளான் மாறாமலே பில்லில் யூனிட் விலை அரை சென்ட் ஏறியிருந்தால், கஸ்டமர் கேரில் சண்டை போடுவதற்கு முன் டிடியூ வரியைப் பாருங்கள்.

1000 என்கிற பள்ளம்

இ.எஃப்.எல். என்று ஒரு காகிதம் உண்டு, மின்சார உண்மைத் தாள் என்று சொல்லலாம். ஒவ்வொரு பிளானுக்கும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். மாதம் 500, 1000, 2000 யூனிட் ஓடினால் சராசரி விலை என்ன என்று மூன்று எண்கள் அதில் இருக்க வேண்டும் என்பது விதி. பவர் டு சூஸ் இந்த மூன்றில் நடு எண்ணை, 1000 யூனிட் விலையை எடுத்துத்தான் பட்டியலை அடுக்குகிறது. கம்பெனிகளுக்கு இது போதாதா? பட்டியலில் முதலிடம் வேண்டுமென்றால் சரியாக 1000-ல் ஒரு பள்ளம் தோண்டினால் போதும்.

பள்ளம் தோண்டும் கருவி, பில் கிரெடிட்: குறிப்பிட்ட யூனிட் ஓடினால் பில்லிலிருந்து கழிக்கிற தொகை. எடுத்துக்காட்டுக்கு ஒரு பிளானை நாமே எழுதிப் பார்ப்போம். எனர்ஜி சார்ஜ் யூனிட்டுக்கு 14.9 சென்ட். டிடியூ மாதம் 4.25 டாலர், யூனிட்டுக்கு 5.5 சென்ட். மாதம் 1000 யூனிட்டோ அதற்கு மேலோ ஓடினால் 125 டாலர் கிரெடிட். இப்போது பெருக்குங்கள்.

500 யூனிட்: 106.25 டாலர், யூனிட் 21.3 சென்ட்.
999 யூனிட்: 208.05 டாலர், யூனிட் 20.8 சென்ட்.
1000 யூனிட்: 83.25 டாலர், யூனிட் 8.3 சென்ட்.
2000 யூனிட்: 287.25 டாலர், யூனிட் 14.4 சென்ட்.

பட்டியலில் கொட்டை எழுத்தில் வருவது 8.3 மட்டும். இதற்குப் பக்கத்தில், கிரெடிட் எதுவும் இல்லாத ஒரு சாதா பிளானை வைப்போம்: எனர்ஜி சார்ஜ் 9.5 சென்ட், அதே டிடியூ. 1000 யூனிட்டில் 154.25 டாலர், 15.4 சென்ட். பட்டியலில் இது மூன்றாவது பக்கத்தில் கிடக்கும். யாரும் அதுவரை போவதில்லை.

இனி ஒரு வீட்டின் வருஷம். கேஸ் ஹீட்டர், மூன்று பெட்ரூம், ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை 900, 800, 650, 700, 1050, 1500, 1850, 1900, 1500, 950, 700, 850 யூனிட். மொத்தம் 13,350. கிரெடிட் கிடைப்பது மே முதல் செப்டம்பர் வரை ஐந்து மாதம். கிரெடிட் பிளானில் வருஷத்துக்கு 2,149 டாலர், சராசரி 16.1 சென்ட். சாதா பிளானில் 2,053 டாலர் 50 சென்ட், சராசரி 15.4. பட்டியலின் 8.3-ஐ நம்பிப் பெருக்கிய குடும்பம் எதிர்பார்த்தது 1,108 டாலர்.

மே மாதம் மழை பெய்து ஏசி கொஞ்சம் குறைவாக ஓடி, 1050-க்குப் பதில் 990 ஆனது என்று வையுங்கள். கிரெடிட் பிளான் 2,262 டாலருக்கு ஏறும், சாதா பிளான் 9 டாலர் இறங்கும். இடைவெளி 218 டாலர். பில்லிங் சுழற்சி எல்லா மாதமும் 30 நாள் இல்லை என்பதும் இங்கே கடிக்கும். 32 நாள் பில்லில் 1,030 காட்டிய வீடு, அதே பழக்கத்தோடு 29 நாள் பில்லில் 933 காட்டும். மிச்சம் பிடித்ததற்கு அபராதம் என்பது நம் ஊர் கணக்குக்கு ஒட்டவே ஒட்டாது. ஆனால் 28-ம் நாள் இரவு 960-ல் மீட்டர் நிற்கும்போது ஏசியை 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறக்கி, சமையல் ஓவனை எரியவிட்டுத் திறந்து வைத்து 40 யூனிட் எரித்தால் லாபம் என்கிற நிலைமை இந்த பிளான்களில் உண்மையாகவே வரும்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாமே மின்சாரத்தில் ஓடுகிற வீடு, கார் சார்ஜிங்கும் உண்டு, எல்லா மாதமும் 1000-க்கும் 1300-க்கும் நடுவில் நிற்கிறது என்றால் அதே கிரெடிட் பிளான் தங்கம்: 1150 யூனிட் மாதத்தில் சாதா பிளானைவிட 63 டாலர் குறைவு. மேல்பக்கமும் ஒரு எல்லை இருக்கிறது. கிரெடிட் பிளானில் ஒவ்வொரு யூனிட்டும் 5.4 சென்ட் கூடுதல் என்பதால், 125 டாலர் சுமார் 2,315 யூனிட்டில் கரைந்துவிடும். நீச்சல்குளமும் இரண்டு ஏசி யூனிட்டும் உள்ள பெரிய வீடு ஆகஸ்டில் அதைத் தாண்டினால் மறுபடி நஷ்டம்தான். சில பிளான்கள் கிரெடிட்டுக்கே மேல்வரம்பும் வைத்திருக்கும், அதைத் தாண்டினால் ஒரேயடியாகக் கிரெடிட் காலி. இ.எஃப்.எல். தாளில் அந்த வரம்பு ஒரு சின்ன வாக்கியமாகத்தான் இருக்கும்.

தளத்தை எப்படித் திருப்பிவைப்பது

ஜிப் கோடு போட்டதும் வருகிற பட்டியலை ஒரு நிமிஷம் கூடப் படிக்க வேண்டாம். நேராக ஃபில்டருக்குப் போங்கள். பிளான் வகையில் ஃபிக்ஸ்டு மட்டும். குறைந்தபட்சப் பயன்பாட்டுக் கட்டணமோ கிரெடிட்டோ இல்லாத பிளான்கள் என்கிற தேர்வு இருக்கிறது; அதை அழுத்துங்கள். இந்தத் தளத்தின் மிக உபயோகமான பொத்தான் அதுதான், அதைத்தான் கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறார்கள். ப்ரீபெய்டு பிளான்களையும் நேரத்துக்கு ஒரு விலை பிளான்களையும் விலக்குங்கள். 8 சென்ட், 9 சென்ட் என்று மின்னியதெல்லாம் காணாமல் போய், சலிப்பூட்டுகிற ஒரு பட்டியல் மிஞ்சும். அதுதான் உண்மையான சந்தை விலை.

மிஞ்சியதில் ஒவ்வொரு பிளானுக்கும் 500, 1000, 2000 விலைகளை அருகருகே பாருங்கள். 15.9, 15.4, 15.2 என்று மெதுவாக இறங்கினால் சுத்தமான பிளான். மாத நிலைக்கட்டணம் அதிக யூனிட்டுக்குப் பங்காவதால் வருகிற இறக்கம் அது. 21, 8, 14 என்று பள்ளத்தாக்கு போல இருந்தால் உள்ளே கிரெடிட் இருக்கிறது, ஃபில்டரிலிருந்து தப்பி வந்திருக்கிறது. 500-ல் மட்டும் தூக்கலாக இருந்தால் பேஸ் சார்ஜோ, குறைவாக ஓட்டினால் மாதம் 9.95 டாலர் போன்ற ஒரு கட்டணமோ இருக்கும். ஒரு பெட்ரூம் அபார்ட்மென்ட்டில் இருவர் மட்டும் இருப்பவர்களுக்கு நடு எண்ணைவிட இந்த 500 எண்தான் முக்கியம்.

பிறகு ஐந்தாறு பிளான்களின் இ.எஃப்.எல். தாளைத் திறந்து சராசரி விலைகளை விட்டுவிட்டு அதற்குக் கீழே உள்ள ஐந்து எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: எனர்ஜி சார்ஜ், பேஸ் சார்ஜ், டிடியூ இரண்டு வரி, ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டால் கட்டுகிற முறிவுக் கட்டணம். முழுப் பூசணிக்காய் சராசரியில் மறைந்திருக்கும். இந்த ஐந்து எண்ணில் மறைக்க இடமில்லை. ஆட்டோபேயும் பேப்பர் இல்லாத பில்லும் எடுத்தால்தான் இந்த விலை என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், கார்டு காலாவதியாகி ஒரு மாதம் ஆட்டோபே தவறினாலும் கட்டணம் விழும்.

அடுத்து வேண்டியது உங்கள் 12 மாத யூனிட். பழைய பில்கள் இல்லையென்றால் ஸ்மார்ட் மீட்டர் டெக்சஸ் என்கிற இலவசத் தளத்தில் பதிவுசெய்து எடுக்கலாம். 15 நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் வீதம் அங்கே இருக்கும். பதிய மீட்டர் எண்ணும், இஎஸ்ஐ ஐடி என்கிற இணைப்பு எண்ணும் வேண்டும், இரண்டும் பில்லிலேயே உண்டு. எக்செல் தாளில் 12 வரிசை, மாதத்துக்கு ஒரு சூத்திரம்: யூனிட் பெருக்கல் (எனர்ஜி கூட்டல் டிடியூ), கூட்டல் நிலைக்கட்டணங்கள், கழித்தல் கிரெடிட் இருந்தால் கிரெடிட். பன்னிரண்டையும் கூட்டி ஒப்பிடுங்கள். அரைமணி நேர வேலை. சரவணபவனில் ஒரு குடும்பச் சாப்பாட்டுக்கு ஆகிற நேரம்கூட இல்லை. மிச்சமாவது பல சாப்பாடுகளுக்கு வரும்.

புதுவீடு, பழைய பில் இல்லை என்றால் ஒரு கேள்விதான் முக்கியம்: குளிருக்கு கேஸா, மின்சாரமா? ஹீட் பம்ப், அதாவது ஏசி மாதிரியே ஓடி வீட்டைச் சூடாக்குகிற கருவி, உள்ள வீட்டில் சாதாரணக் குளிருக்குச் செலவு குறைவு. ஆனால் வெளியே உறைநிலைக்கு இறங்கினாலோ, தெர்மோஸ்டாட்டை ஒரே தட்டில் நாலைந்து டிகிரி ஏற்றினாலோ துணை ஹீட்டர் கம்பிகள் எரியத் தொடங்கும். 10 கிலோவாட் கம்பி மூன்று மணி நேரம் எரிந்தால் 30 யூனிட், 15 சென்ட் விலையில் நாலரை டாலர், அதுவும் ஒரு காலைப்பொழுதுக்கு. தெர்மோஸ்டாட்டில் எமர்ஜென்சி ஹீட் பொத்தானைத் தெரியாமல் அழுத்தி வைத்தால் முழுச் சூடும் இந்தக் கம்பியிலிருந்தே வரும். ஜனவரி பில் ஆகஸ்ட் பில்லை முந்தினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். கோடையில் 4 டன் ஏசி சுமார் 4 கிலோவாட் இழுக்கும். நாளுக்கு 10 மணி நேரம் என்றால் ஏசி மட்டுமே மாதம் 1,200 யூனிட். மின்சாரக் காரில் நாளுக்கு 40 மைல் ஓட்டினால் 12 யூனிட் வரை கூடும்.

இரவு இலவசம், அப்புறம் க்ரிட்டி

இரவு இலவசம் என்கிற பிளான்களில் பகல் விலைதான் கதை. எல்லாம் சேர்த்துப் பகல் யூனிட் 23 சென்ட், சாதா பிளான் 15 சென்ட் என்றால், உங்கள் மொத்தப் பயன்பாட்டில் 35 சதவீதமாவது இலவச நேரத்துக்குள் விழ வேண்டும். அதற்குக் கீழே என்றால் நஷ்டம். ஸ்மார்ட் மீட்டர் ரீடிங்கை வைத்து இதைத் துல்லியமாகக் கூட்டிப் பார்க்கலாம். இரவில் காரை சார்ஜ் செய்கிறவர்கள் சுலபமாகத் தேறுவார்கள். வீட்டிலிருந்தே வேலை, பகலெல்லாம் ஏசி, மாலை ஆறு மணிக்கு இண்டக்ஷனில் குழம்பு கொதிக்கிற வீடு தேறாது. இலவசம் என்பது எனர்ஜி சார்ஜுக்கு மட்டுமா, டிடியூவுக்கும் சேர்த்தா என்பதையும் தாளில் பாருங்கள். பிளானுக்குப் பிளான் வேறு.

வேரியபிள் பிளானில் முதல் மாத விலை மட்டுமே வாக்கு. அடுத்த மாத விலை கம்பெனியின் விருப்பம். வீடு மாறப்போகிறோம், ஒன்றிரண்டு மாதம்தான் என்கிறவர்களைத் தவிர யாருக்கும் சிபாரிசு இல்லை.

மொத்தச் சந்தை விலையை அப்படியே வீட்டுக்குக் கொடுக்கிற பிளான் இப்போது கிடையாது; ஏன் இல்லை என்பது தெரிந்திருக்க வேண்டியது. க்ரிட்டி என்ற கம்பெனி மாதம் 9.99 டாலர் சந்தா வாங்கிக்கொண்டு சந்தை விலையிலேயே மின்சாரம் தந்தது. சாதாரண நாட்களில் மலிவு. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் சந்தை விலை உச்சவரம்பான மெகாவாட் மணிக்கு 9,000 டாலரில், அதாவது யூனிட் 9 டாலரில், நாட்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டது. மின்ஹீட்டர் வீட்டில் நாளுக்கு 100 யூனிட் ஓடினால் 900 டாலர். புயலுக்கு முன்பே வேறு கம்பெனிக்கு மாறச் சொல்லி க்ரிட்டியே தன் வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பியது. மாற முடிந்தவர்கள் கொஞ்சம் பேர். சுமார் 29,000 வாடிக்கையாளர்கள் இருந்த கம்பெனி அடுத்த மாதமே திவால் மனு போட்டது. ஹவுஸ் பில் 16 என்கிற சட்டம் அதே ஆண்டு செப்டம்பர் முதல் வீடுகளுக்கு இத்தகைய பிளான்களைத் தடைசெய்தது. ஃபிக்ஸ்டு பிளானில் இருந்தவர்களுக்கு அந்த வாரமும் அதே விலைதான், யூனிட் மட்டும் கூடியது.

விற்பனை கம்பெனி மூடிவிட்டால் விளக்கு அணையாது. கடைசிப் புகலிடம் என்று நியமிக்கப்பட்ட கம்பெனிக்குக் கணக்கு போய்விடும். அங்கே விலை அதிகம். தங்காமல் உடனே வேறு பிளான் எடுத்து மாற வேண்டும்.

ஒப்பந்தம் முடிகிற நாள்

கிரெடிட் பள்ளத்துக்கு அடுத்தபடியாகப் பணம் போகிற வழி இது, சத்தமே இல்லாமல். 12 மாத ஃபிக்ஸ்டு முடிந்ததும் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் கம்பெனி உங்களை மாதாமாதம் மாறுகிற விலைக்குத் தள்ளிவிடும், கரண்டும் நிற்காது, ஆட்டோபேயும் நிற்காது. கூடுதல் விலை இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கண்ணில் படும். ஒப்பந்தத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கு காலத்துக்குள் குறைந்தது மூன்று அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அனுப்புவார்கள், விளம்பர மெயில்களுக்கு நடுவில் போய்ச் சேரும். கையெழுத்துப் போடுகிற அன்றே முடிவுத் தேதியைக் கேலண்டரில் ஏற்றிவிடுங்கள், அதற்கு 14 நாள் முன்பு ஒரு நினைவூட்டலோடு. ஏன் 14 என்றால், கடைசி 14 நாளுக்குள் வேறு கம்பெனிக்கு மாறினால் முறிவுக் கட்டணம் கிடையாது.

அதற்கு முன்பே முறித்தால் மொத்தமாக 150 டாலர், அல்லது மீதி மாதத்துக்கு 20 டாலர் வீதம் என்பவை அதிகம் தென்படுகிற இரண்டு வகை. 24 மாத ஒப்பந்தத்தை நாலாவது மாதம் முறிப்பவருக்கு இரண்டாவது வகை 400 டாலர். வீடு மாறுவதால் முறிந்தால் கட்டணம் இல்லை. புது முகவரிக்குச் சான்று கேட்பார்கள். லீஸ் காகிதத்தின் நகல் போதும்.

எந்த மாதத்தில் முடிகிறது என்பதும் விலைதான். ஜூலை, ஆகஸ்டில் புதுப்பிக்கிறவர்களுக்குப் பொதுவாக மோசமான விலைகளே கிடைக்கும். வேலை மாறி ஜூலையில் வந்து இறங்கியவர்கள் 12 மாதம் எடுத்தால் அடுத்த வருஷமும் ஜூலையிலேயே சந்தைக்கு வர வேண்டும். 9 மாதமோ 15 மாதமோ எடுத்து ஏப்ரலுக்கோ அக்டோபருக்கோ நகர்த்திவிடுங்கள். ஒரு தடவை செய்தால் போதும், பிறகு 12, 12 என்று போகலாம்.

பதிவு செய்யும்போது தவறுவது

புது வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் "மூவ்-இன்", இருக்கிற வீட்டிலேயே கம்பெனி மாற்றுகிறீர்கள் என்றால் "ஸ்விட்ச்". இரண்டையும் மாற்றி அழுத்துவதுதான் அதிகம் நடக்கிற பிழை. ஸ்விட்ச் என்றால் காகிதங்கள் கைக்கு வந்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் அபராதமில்லாமல் ரத்துசெய்யும் உரிமை உண்டு. மூவ்-இன்னுக்கு அது இல்லை.

இஎஸ்ஐ ஐடி என்பது உங்கள் மீட்டர் இணைப்பின் அடையாள எண். ஆன்கோர் ஏரியாவில் 17 இலக்கம், சென்டர்பாயின்ட்டில் 22. அபார்ட்மென்ட்டில் 1213-க்குப் பதில் 1231 என்று தேர்ந்தெடுத்துவிட்டால் அடுத்த வீட்டுக்காரரின் பில் உங்களுக்கு வரும், உங்கள் வீட்டில் கரண்ட் நிற்கும். லீஸிங் ஆபீஸில் எண்ணைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

"ஸ்விட்ச் ஹோல்டு" என்று சொல்லி உங்கள் விண்ணப்பம் நின்றால் பதற வேண்டாம். முன்பு இருந்தவர் பாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அதனால் அந்த இணைப்பை வேறு கம்பெனிக்கு மாற்றத் தடை விழுந்திருக்கும். கையெழுத்தான லீஸும், புதிதாகக் குடிவந்தவர் என்ற உறுதிமொழிப் படிவமும் கொடுத்தால் நீக்குவார்கள். சாவி வாங்குகிற அன்று மாலை இதைக் கண்டுபிடிப்பதைவிட மூன்று நாள் முன்பே பதிவது நல்லது.

விசாவில் புதிதாக வந்து, கிரெடிட் ஸ்கோரே இல்லாதவர்களிடம் டெபாசிட் கேட்பார்கள். உடனே ப்ரீபெய்டுக்கு ஓடவேண்டியதில்லை. அமெரிக்காவில் வேறு ஊரில் ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் அந்த மின் கம்பெனியிடம் பேமெண்ட் ஹிஸ்டரி கடிதம் வாங்கிக் கொடுங்கள். அதுவும் இல்லையென்றால் டெபாசிட்டைக் கட்டிவிட்டு நல்ல ஃபிக்ஸ்டு பிளானை எடுப்பதே பல நேரம் மலிவு. டெபாசிட் திரும்பி வரும், ப்ரீபெய்டில் கூடுதலாகக் கொடுத்த சென்ட் வராது.

தளத்தின் மேல் இன்னும் இரண்டு குறைகள்

நட்சத்திர மதிப்பீடு பியூசிக்கு வந்த புகார்களை வைத்துப் போடுவது. பிளானின் நேர்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பள்ளத்தாக்கு பிளானை விற்கிற கம்பெனிக்கும் ஐந்து நட்சத்திரம் வரும், ஏனென்றால் கிரெடிட் நிபந்தனை தாளில் அச்சாகியிருக்கிறது, புகாருக்கு இடமில்லை.

இன்னொன்று, பட்டியலில் தெரிகிற அளவுக்குப் போட்டி இல்லை. ரிலையன்ட், டைரக்ட் எனர்ஜி, கிரீன் மவுண்டன், சிர்ரோ நாலும் என்ஆர்ஜி வீட்டுப் பிள்ளைகள். டிஎக்ஸ்யூ, ஆம்பிட், 4 சேஞ்ச், ட்ரைஈகிள் எல்லாம் விஸ்ட்ராவுடையவை. ஒரு கம்பெனி மேல் கோபித்துக்கொண்டு மாறினால் அதே முதலாளியின் இன்னொரு கடைக்குள் நுழைந்திருக்கலாம். விலையில் இதனால் கெடுதல் என்று இல்லை, தெரிந்துகொண்டு மாறுங்கள் என்பதற்காகச் சொல்கிறோம்.

உங்கள் 12 மாத யூனிட்டைப் போட்டால் வருஷச் செலவின்படி அடுக்கிக் காட்டுகிற வசதியை இந்தத் தளம் செய்து கொடுத்தால் மேலே சொன்ன எக்செல் வேலையே தேவைப்படாது. மீட்டர் ரீடிங் ஒரு தளத்தில், பிளான்கள் இன்னொரு தளத்தில், நடுவில் நீங்கள் கால்குலேட்டரோடு. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ஃபில்டர் தெரிந்தவர்களுக்கு நாலு.

முதல் பில் வந்ததும்

மொத்தத் தொகையைப் பார்ப்பதற்கு முன் பில்லிங் நாட்களை எண்ணுங்கள். முதல் பில் 12 நாளுக்கோ 34 நாளுக்கோ வரலாம். யூனிட்டை இ.எஃப்.எல். தாளின் எனர்ஜி சார்ஜோடு பெருக்கி அந்த வரி ஒத்துவருகிறதா பாருங்கள். வீட்டு மின்சாரத்துக்கு மாநில விற்பனை வரி கிடையாது; சில நகரங்கள் உள்ளூர் வரி போடும். அதோடு பியூசி மதிப்பீடு, மொத்த வரவு வரி ஈடு என்று ஓரிரு சின்ன வரிகள் இருக்கும். இவை பொதுவாகப் பட்டியல் விலையில் சேராதவை.

மாதாமாதம் ஏறக்குறைய ஒரே தொகை கட்டுகிற சராசரி பில்லிங்கில் சேர்ந்திருந்தால் கட்டுகிற தொகைக்குப் பக்கத்தில் தள்ளிவைத்த பாக்கி என்ற எண்ணையும் படியுங்கள். கோடையில் 280 டாலருக்கு ஓட்டி 190 கட்டிக்கொண்டிருந்தால் மாதம் 90 அங்கே சேர்கிறது. கம்பெனி மாறும்போது அதை மொத்தமாகக் கட்ட வேண்டிவரும்.

எனர்ஜி வரி ஒத்துவராவிட்டால் இ.எஃப்.எல். தாளின் எண்ணையும் தேதியையும் சொல்லி முதலில் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்; சரியான பதில் இல்லையென்றால் பியூசியில் புகார், ஆன்லைனிலேயே போடலாம். பதிவுசெய்த அன்றே அந்தத் தாளை பிடிஎஃபாக இறக்கி வைத்திருந்தால்தான் இது சுலபம். பிளான் விற்பனை நின்றதும் தளத்திலிருந்து தாளும் போய்விடும். வாசலில் வந்து "உங்கள் பில்லைக் காட்டுங்கள், எவ்வளவு மிச்சம் என்று சொல்கிறேன்" என்கிற விற்பனையாளரிடம் மட்டும் இந்தத் தாளையும் பில்லையும் நீட்டாதீர்கள். அவருக்கு வேண்டியது பில்லின் மூலையில் இருக்கிற இஎஸ்ஐ ஐடி. அது கிடைத்தால் உங்களைக் கேட்காமலே கம்பெனி மாற்றிவிட முடியும்.